ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை சதோஷி? சின்ன பட்ஜெட்டில் மைனிங்கா, ட்ரேடிங்கா, பேசாமல் வாங்கி வைப்பதா

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. போனால் போகட்டும் என்று சொல்லக்கூடிய அளவுதான். கிரிப்டோவில் இறங்கிப் பார்க்க ஆசை. கணக்குப் போட்டுப் புதுக் காயின் சம்பாதிக்கும் மைனிங் இயந்திரம் ஒன்றை வாங்கி ஓடவிடலாமா, ஆப்பைத் திறந்து ட்ரேடிங் செய்யலாமா, இல்லை மாதாமாதம் கொஞ்சம் காயின் வாங்கி ஓரமாக வைக்கலாமா? என்னிடம் இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் மைனிங்குக்கு மனதைக் கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். மேசையில் ஒரு பெட்டி சுற்றிச் சுற்றிப் பணம் கறக்கிறது என்ற நினைப்பே ஒரு போதை. நானும் அதில் விழுந்தவன்தான். அந்தக் கதை கொஞ்சம் பின்னால் வருகிறது.

மூன்றையும் ஒரே தராசில் வைக்க ஒரு வழி உண்டு. மைனிங்கை வருமானம் தரும் தொழிலாகப் பார்க்காமல், மின்சாரத்தைக் கொடுத்துக் காயின் வாங்கும் முறையாகப் பாருங்கள். அப்போது கேள்வி சின்னதாகிவிடும். ஒரு யூனிட் மின்சாரத்தை எரித்தால் இயந்திரம் எத்தனை சதோஷி (ஒரு பிட்காயினின் பத்துக் கோடியில் ஒரு பங்கு) தரும்? அந்த யூனிட்டுக்குக் கட்டும் பணத்தை நேராகச் சந்தைக்குக் கொண்டுபோனால் எத்தனை சதோஷி கிடைக்கும்? இரண்டாவது எண் பெரிதாக இருந்தால், இயந்திரம் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம். பிட்காயின் விலை பிறகு ஏறினாலும் இது மாறாது. ஏறும் என்று நம்பினால் அதே பணத்துக்கு அதிக காயினை நேரடியாகவே வாங்கியிருக்கலாமே. "இப்போது நட்டம்தான், ஆனால் காயின் ஏறும்போது எல்லாம் சரியாகிவிடும்" என்ற வாதத்தை எல்லா இடத்திலும் கேட்கிறேன். காயின் ஏறுவதும் இயந்திரம் லாபமாக ஓடுவதும் வேறு வேறு விஷயம்.

கணக்கைப் போட்டுவிடுவோம், கடினமில்லை. பிட்காயினில் பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாகப் பதிவு செய்கிறார்கள், ஒரு கட்டுதான் ஒரு பிளாக். அதை முதலில் முடிக்கும் மைனருக்குப் பரிசு. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், ஆக நாளைக்கு 144 பிளாக். 2009-ல் ஒரு பிளாக்குக்கு 50 பிட்காயின் பரிசு கிடைத்தது. ஒவ்வொரு 2,10,000 பிளாக்குக்கும் அது பாதியாகி, 2024 ஏப்ரல் ஹால்விங்குக்குப் பிறகு 3.125-ல் நிற்கிறது. நாளொன்றுக்குப் புதிதாகப் பிறப்பது 450 பிட்காயின், அதாவது 4,500 கோடி சதோஷி. இதைப் பங்கு போட்டுக்கொள்ள உலகம் முழுக்க ஓடும் இயந்திரங்களின் மொத்த வேகம் 2025-ல் 1,000 எக்ஸாஹாஷைத் தொட்டது. டெராஹாஷில் (நொடிக்கு ஒரு லட்சம் கோடி ஹாஷ், அதாவது பிளாக்கைப் பிடிக்கும் முயற்சி) சொன்னால் 100 கோடி. வகுத்தால், ஒரு டெராஹாஷுக்கு நாளைக்கு 45 சதோஷி. பரிவர்த்தனைக் கட்டணத்தில் வரும் சில்லறையை இங்கே சேர்க்கவில்லை. நெட்வொர்க்கின் வேகம் மாற மாற இந்த 45-ம் மாறும், ஆனால் கணக்குப் போடும் முறை அதேதான்.

இனி இயந்திரங்கள். 2016-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9, 13.5 டெராஹாஷ் வேகத்துக்கு ஏறத்தாழ 1,350 வாட் இழுக்கும். நாளைக்கு 32 யூனிட் மின்சாரம், கிடைப்பது 607 சதோஷி. யூனிட்டுக்கு 19 சதோஷி கூட முழுசாக வரவில்லை. 2020-ன் எஸ்19 (95 டெராஹாஷ், 3,250 வாட்) யூனிட்டுக்கு 55 சதோஷி தரும். எஸ்21 (200 டெராஹாஷ், 3,500 வாட்) 107 சதோஷி வரை போகும். மறுபக்கம், பிட்காயின் விலை ஒரு லட்சம் டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சென்ட்டுக்கு 10 சதோஷி. ஆக, ஒரு யூனிட்டுக்கு இரண்டு சென்ட்டுக்குக் குறைவாக மின்சாரம் கிடைக்கும் ஆளுக்குத்தான் எஸ்9 கட்டுப்படியாகும். அப்படிக் கிடைப்பவர் இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், அணைக்கட்டுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டிருப்பார்.

எஸ்21-க்கு மின்கட்டணக் கணக்கு பல இடங்களில் ஒத்துவரலாம். ஆனால் அந்த இயந்திரம் சின்ன பட்ஜெட்டுக்குள் வராது, வீட்டுச் சாதாரண ப்ளக்கிலும் ஓடாது. இயந்திரத்துக்குக் கொடுத்த பணத்தை மீட்கவே பல மாதம் ஓட வேண்டும். அந்த மாதங்களில் தரை நகர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு 2,016 பிளாக்குக்கும், அதாவது சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிளாக் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நெட்வொர்க் மாற்றிக்கொள்கிறது. விலை ஏறினால் புது இயந்திரங்கள் வந்து சேரும், உங்கள் பங்கு சுருங்கும். அடுத்த ஹால்விங்கில் பரிசு மறுபடி பாதி. வாங்கிய அன்று போட்ட கணக்கை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

பழைய இரும்பு

"செகண்ட் ஹேண்டில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது, முதல் சீக்கிரம் திரும்பிவிடும்" என்ற நினைப்பில் நானும் ஒரு பழைய இயந்திரத்தை வாங்கினேன். அடிமாட்டு விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். லாபமாக ஓடும் பெட்டியை யார் விற்கப் போகிறார்கள்?

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் தூசி கம்பளமாகப் படிந்திருந்தது. கணக்குப் போடும் சிப்புகள் உள்ள மூன்று ஹாஷ்போர்டில் ஒன்று எழவே இல்லை. சத்தம் 75 டெசிபல் பக்கம். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் இடைவிடாமல் வாக்குவம் கிளீனர் ஓட்டுவது போல. இழுக்கும் மின்சாரம் முழுதும் வெப்பமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும், அதனால் அறை இரவும் பகலும் கொதித்தது. ஒன்பதாம் நாள் ப்ளக்கைத் தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக் இளகியிருந்தது. பதினோராம் நாள் நிறுத்திவிட்டேன். இஸ்திரிப் பெட்டியும் இதே அளவு வாட் இழுக்கும்தான். ஆனால் அதை யாரும் மாதக்கணக்கில் அணைக்காமல் விடுவதில்லை. தொடர்ந்து ஓடும் சுமைக்கு வயரிங்கின் முழுத் திறனில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாங்குவதாகவே முடிவு செய்துவிட்டால், இயந்திரத்தின் விலையோடு தனி லைன், தனி பிரேக்கர், வெப்பம் வெளியேற வழி ஆகியவற்றின் செலவையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

குட்டி மைனர்: கூலியா, லாட்டரியா

பிட்ஆக்ஸ் என்று ஒரு சின்ன போர்டு இருக்கிறது. வடிவமைப்பு முழுதும் திறந்த மூலம், யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். காமா வகை சுமார் 1.2 டெராஹாஷ் வேகத்துக்கு 18 வாட் அளவே இழுக்கும். ஒரு எல்இடி பல்பு ரகம். சத்தம் சின்ன விசிறிச் சத்தம். யூனிட்டுக்கு 125 சதோஷி, மின்சாரத்தைக் காயினாக்கும் விகிதத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் தாண்டுகிறது.

ஆனால் மொத்தம் எவ்வளவு என்று பாருங்கள். நாளைக்கு 54 சதோஷி. ஆண்டுக்கு இருபதாயிரத்தைத் தொடாது. அதே போர்டின் விலைக்கு அன்றே காயின் வாங்கியிருந்தால், அதைச் சம்பாதித்துத் தர இந்தப் போர்டு பல ஆண்டு ஓட வேண்டும். பலர் சேர்ந்து மைனிங் செய்து பரிசைப் பங்கு போடும் பூலில் சேர்த்து விட்டாலோ இன்னொரு சிக்கல். பூல் உங்கள் சதோஷியை ஒரு குறைந்தபட்ச அளவு சேரும்வரை வைத்திருந்து பிறகுதான் அனுப்பும். 5,000 சதோஷி சேரவே மூன்று மாதம் ஆகிவிடும். அதைக் காயின் வைக்கும் வாலட்டில் வாங்கி வைத்தாலும், பின்னாளில் செலவு செய்யும்போது அந்தத் துண்டு ஒவ்வொன்றுக்கும் நெட்வொர்க் கட்டணம் உண்டு. நெரிசலான நாளில் 5,000 சதோஷித் துண்டை நகர்த்த ஆயிரத்துக்கு மேல் கட்டணமாகவே போய்விடும். சின்னத் தொகையைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் லைட்னிங் வழியாகப் பணம் தரும் பூல்களைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தொல்லை குறைகிறது.

அதனால் இதை வைத்திருப்பவர்களில் நிறைய பேர் பூலை விட்டுவிட்டுத் தனியாட்டம் ஆடுகிறார்கள். பிளாக் கிடைத்தால் 3.125 பிட்காயினும் ஏறக்குறைய முழுதாக உங்களுக்கே, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. 1.2 டெராஹாஷுக்கு வாய்ப்பு? சராசரியாக 16,000 ஆண்டுக்கு ஒரு பிளாக். சில டெராஹாஷ் மட்டுமே வைத்திருந்தவர்களுக்கு அடித்ததும் உண்டு. 2024-ல் அப்படி ஒன்று நடந்தது. லாட்டரியிலும் யாருக்கோ விழத்தானே செய்கிறது. கடிகாரம் மாதிரி மேசையில் வைக்கும் நெர்ட்மைனர் போன்றவை இன்னும் கீழே. பிட்ஆக்ஸ் நொடிக்கு 1.2 லட்சம் கோடி ஹாஷ் போடும் இடத்தில் அவை சில லட்சம் போடும். அது அழகான பொம்மை, அவ்வளவுதான்.

இப்படிச் சொன்னாலும், மைனிங் என்றால் என்ன என்று விரலால் தொட்டுப் புரிந்துகொள்ள பிட்ஆக்ஸை விட மலிவான வகுப்பு எனக்குத் தெரியாது. வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து, வேகமும் சூடும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம். பூல் அனுப்பும் வேலை என்ன, "ஷேர்" என்பது என்ன, கடினம் என்றால் என்ன என்பதெல்லாம் ஒரு வாரத்தில் பிடிபடும். அந்தக் காசைப் படிப்புச் செலவு என்று எழுதுங்கள். முதலீடு என்ற பத்தியில் மட்டும் எழுதாதீர்கள்.

இருக்கும் கம்ப்யூட்டரே போதுமா?

கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி நீட்டி முழக்க எதுவும் இல்லை. அந்தக் கடை 2022 செப்டம்பர் 15 அன்று சாத்தப்பட்டது. அதுவரை கார்டுகளால் மைனிங் செய்யப்பட்டுவந்த எத்தேரியம் என்ற நெட்வொர்க் அன்றைக்கு மைனிங்கைக் கைவிட்டு, காயினைப் பிணையாக வைத்துப் பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் ஸ்டேக்கிங்குக்கு மாறியது. வேலையிழந்த கார்டுகள் எத்தேரியம் கிளாசிக், ரேவன்காயின் என்று கிடைத்த இடத்துக்கெல்லாம் பாய, அங்கே கிடைத்துவந்த கூலியும் உடனே கரைந்தது. விளையாடவோ வேறு வேலைக்கோ கார்டு வாங்குங்கள், மைனிங்குக்காக வாங்காதீர்கள்.

சிபியு மட்டும் இன்னும் ஒரு மூச்சு வைத்திருக்கிறது, மொனேரோ என்ற காயினின் புண்ணியத்தில். 2019 நவம்பரில் அது ரேண்டம்எக்ஸ் என்ற முறைக்கு மாறியது. சாதாரண பிராசசருக்குச் சாதகமாகவும், தனிப்பயன் சிப் செய்பவர்களுக்குத் தலைவலியாகவும் இருக்கும்படி வடிவமைத்த முறை அது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு பிளாக், பிளாக்குக்கு 0.6 மொனேரோ, 2022 முதல் இதற்குக் கீழே இறங்காது என்று நிலைநிறுத்தியிருக்கிறார்கள். நாளைக்கு 432. நெட்வொர்க் நொடிக்கு 500 கோடி ஹாஷ் என்றும், உங்கள் நல்ல பிராசசர் 15,000 ஹாஷ் என்றும் வைத்தால், ஆண்டு முழுக்க ஓட்டினாலும் அரை மொனேரோ தேறாது. கம்ப்யூட்டர் 150 வாட் இழுத்தால் ஆண்டுக்கு 1,300 யூனிட் போகும். இரண்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பழைய தராசுதான். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய பலம். மறுபக்கம், எக்ஸ்எம்ரிக் போன்ற மைனிங் மென்பொருளை இறக்கியவுடனே ஆன்டிவைரஸ் அலறும். பிறர் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாக மைனிங் செய்பவர்களும் இதையே பயன்படுத்துவதால் அந்தப் பெயர். காயினை விற்பதும் முன்போல எளிதில்லை, காயின் வாங்கி விற்கும் பெரிய எக்ஸ்சேஞ்சான பைனான்ஸ் 2024 பிப்ரவரியில் மொனேரோவைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அலுவலகக் கம்ப்யூட்டரில் ஓட்டலாமா என்று கேட்காதீர்கள். மின்சாரம் அவர்களுடையது, வேலை உங்களுடையது, இரண்டில் எது முதலில் போகும் என்று தெரியும்தானே.

கிளவுட் மைனிங் என்று விளம்பரம் வரும்: இயந்திரம் எங்களுடையது, வாடகை கொடுங்கள், தினமும் பணம் வரும். ஹாஷ்ஃப்ளேர் என்ற நிறுவனம் இப்படித்தான் உலகெங்கும் பணம் திரட்டியது. சொன்ன அளவு மைனிங் திறன் அவர்களிடம் இருக்கவே இல்லை. அதன் நிறுவனர்கள் 2025-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இயந்திரம் உண்மையில் லாபம் தருமானால் அதை உங்களுக்கு ஏன் வாடகைக்கு விட வேண்டும்?

ட்ரேடிங்: எண்கள் சொல்வது

இங்கே மின்கட்டணம் இல்லை, சத்தம் இல்லை, சூடு இல்லை. அதனாலேயே பணம் போவது தெரியாது. வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம் கட்டணம் என்று வைப்போம். பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் இது சாதாரணம். பார்க்கத் தூசி மாதிரி இருக்கும். தினமும் இரண்டு முறை வாங்கி விற்றால் ஒரு மாதத்தில் 60 சுற்று. விலை அசையவே இல்லை என்றாலும் உங்கள் பணத்தில் 11 சதவீதம் காணாமல் போயிருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு சதவீதம் பிடிக்கும் ஆப் என்றால் ஏறத்தாழ பாதியே மிஞ்சும். அதற்கு மேல் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி. பழைய மைனர் மின்சாரத்தைத் தின்பது போல, இது கட்டணத்தைத் தின்கிறது.

பட்ஜெட் சின்னது என்பதாலேயே லெவரேஜ் (கடன் சேர்த்து ஆடுவது) பக்கம் கை போகும். நூறு வைத்து ஆயிரத்துக்கு ஆடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது. பத்து மடங்கு லெவரேஜில் விலை உங்களுக்கு எதிராகப் பத்து சதவீதம் நகர்வதற்குள் உங்கள் பணம் முழுதும் போய்விடும். பிட்காயினில் பத்து சதவீதம் ஒரு நாள் விவகாரம். விலை பிறகு நீங்கள் நினைத்த திசையிலேயே திரும்பினாலும் நீங்கள் அதில் இருக்க மாட்டீர்கள். முடிவுத் தேதி இல்லாத பெர்பெச்சுவல் ஃப்யூச்சர்ஸ் ஒப்பந்தங்களில், விலை ஏறும் என்பவர்களுக்கும் இறங்கும் என்பவர்களுக்கும் இடையே பொதுவாக எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் என்ற கட்டணம் வேறு கைமாறும். சந்தை உங்கள் பக்கம் நெரிசலாக இருக்கும்போது அதைக் கொடுப்பது நீங்கள்தான்.

திறமை இருந்தால் வெல்லலாமே என்பார்கள். சிலர் வெல்கிறார்கள், மறுக்கவில்லை. பிரேசிலின் பங்கு ஃப்யூச்சர்ஸ் சந்தையில் 2013 முதல் 2015 வரை நாள் ட்ரேடிங் தொடங்கியவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். 300 நாளுக்கு மேல் விடாமல் செய்தவர்களில் 97 சதவீதத்தினருக்கு நட்டம். இவர்கள் ஒரு வாரம் ஆடிப் பார்த்துவிட்டு ஓடியவர்கள் அல்ல, விடாப்பிடியாக நின்றவர்கள். அது கிரிப்டோ சந்தை இல்லைதான். ஆனால் இரவிலும் மூடாத, இன்னும் மூர்க்கமாக ஆடும் கிரிப்டோ சந்தை இதைவிடக் கனிவாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

கற்றுக்கொள்ள ஆசை என்றால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு மாதம் கற்பனையாக வாங்கி, கற்பனையாக விற்று, கட்டணத்தையும் கழித்து எழுதுங்கள். சும்மா வாங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் பக்கத்துப் பத்தியில் எழுத வேண்டும். இரண்டாவது பத்தியை எழுத மனம் வராமல் போகும் நாள்தான் முக்கியமான நாள்.

பேசாமல் வாங்குவது

சலிப்பான வழி. மாதம் ஒரு தொகை, விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே தொகை. என் தராசில் சின்ன பட்ஜெட்டுக்கு இதுதான் எடை கூடுதல், காயின் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால். இதிலும் பணம் போகலாம். 2021 நவம்பர் உச்சத்திலிருந்து ஓராண்டில் பிட்காயின் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விழுந்தது. அந்த விழுதலைப் பார்த்துக்கொண்டு அதே தொகைக்குத் தொடர்ந்து வாங்க உங்களுக்கு நெஞ்சழுத்தம் இருக்குமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பேர் தெரியாத குட்டிக் காயின்கள் விழுந்தால் எழுந்திருப்பதே அபூர்வம், அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது.

இதில் தலைவலி காயினை எங்கே வைப்பது என்பதுதான். 2014-ல் மவுண்ட் காக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கவிழ்ந்தபோது சுமார் 8,50,000 பிட்காயினைக் காணோம் என்றார்கள். அங்கே காயினைப் பறிகொடுத்தவர்களுக்கு அது திரும்ப ஆரம்பித்தது 2024-ல், பத்து ஆண்டு கழித்து. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் விழுந்தது சில நாள் விவகாரம். அதனால் எக்ஸ்சேஞ்சிலேயே விட்டு வைக்காதே என்பார்கள். சரிதான், ஆனால் சின்னத் தொகைக்கு இதிலும் கணக்கு உண்டு. ஒவ்வொரு மாதமும் வெளியே எடுத்தால் வித்ட்ராயல் கட்டணம் உங்கள் தொகையில் கணிசமாகக் கடிக்கும். நான் செய்வது, மூன்று நான்கு மாத வாங்கலைச் சேர்த்து ஒருமுறை எடுப்பது. சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டின் விலை உங்கள் மொத்தக் காயினில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் என்றால் இப்போதைக்கு அதை ஒத்திப்போடலாம். ஒரு நல்ல மென்பொருள் வாலட்டும், வாலட்டை மீட்க உதவும், காகிதத்தில் எழுதிப் பூட்டி வைத்த 12 சொற்களும் போதும். அந்தச் சொற்களைப் போட்டோ எடுக்காதீர்கள், யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். உதவி மையம் என்று சொல்லிக்கொண்டு கேட்பவர்களிடம் கண்டிப்பாகக் கூடாது.

ஸ்டேக்கிங்கையும் சிலர் மைனிங்குக்கு மாற்றாகச் சொல்வார்கள். எத்தேரியத்தில் சொந்தமாக வேலிடேட்டர் (பரிவர்த்தனைகளை உறுதிசெய்யும் கணினி) நடத்த அதன் காயினான ஈத்தர் 32 வேண்டும், அது நம் பட்ஜெட் இல்லை. பிறர் வழியாகச் செய்யலாம், ஆண்டுக்குச் சில சதவீதம் கிடைக்கும். ஆனால் காயின் மறுபடி இன்னொருவர் கைக்குப் போகிறது. வரி எப்படி என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பல நாடுகளில் மைனிங்கில் வந்த காயின், வந்த அன்றைய விலைக்கே வருமானமாகக் கணக்கிடப்படுகிறது. ஆண்டுக் கடைசியில் தேதிவாரியாகத் தேடி அல்லாடாமல் ஆரம்பத்திலிருந்தே குறித்து வையுங்கள்.

ஆக, என்னிடம் நூறு பங்கு பணம் இருந்தால் எண்பதைப் பேசாமல் வாங்கவும், கைத்துறுதுறுப்பு தாங்கவில்லை என்றால் மிச்சத்தை ஒரு பிட்ஆக்ஸுக்கும் ஒதுக்குவேன். ட்ரேடிங்குக்கு நோட்டுப் புத்தகம் மட்டும்.

என் கணக்கு புரண்டு போகும் ஓரிடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க எப்படியும் மின்சார ஹீட்டர் ஓட்டுபவருக்கு, அதே 1,350 வாட் இழுக்கும் பழைய எஸ்9-ம் அதே அளவு வெப்பத்தைத்தான் தரும். ஹீட்டருக்குப் போக வேண்டிய மின்சாரம்தான் என்பதால் வரும் சதோஷி முழுதும் மிச்சம். பெரிய விசிறியை மாற்றிச் சத்தத்தைக் குறைத்து, வேகத்தை இறக்கி, இப்படி ஹீட்டராகவே ஓட்டுபவர்கள் உண்டு. யூனிட்டுக்கு 19 சதோஷி என்பது அவர்களுக்கு லாபக் கணக்கு. வீட்டில் இருப்பது வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப்பாக இருந்தால் மட்டும் இது எடுபடாது. அது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் தரும், எஸ்9 ஒன்றுக்கு ஒன்றுதான்.